வேலையை விட்டவர் வைத்த சைக்கிள் கடை: நாலு நட்சத்திரம், ஒன்று பாக்கி

முழுசாகப் படிக்க நேரம் இல்லாதவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலை சுத்தம். கூலி அதிகம். சொன்ன தேதிக்கு வண்டி கிடைக்காது. இந்த மூன்றாவது விஷயம் உங்களுக்குப் பரவாயில்லை என்றால் தாராளமாகப் போகலாம்.

கடையின் பெயரை நான் போடவில்லை. "சார், எழுதறதா இருந்தா எழுதுங்க, பேரை மட்டும் போடாதீங்க, ஏற்கெனவே பத்தொன்பது வண்டி நிக்குது" என்று கடைக்காரரே கேட்டுக்கொண்டார். இது என்ன புதுவித விளம்பர உத்தி என்று சந்தேகத்தோடு உள்ளே எட்டிப் பார்த்தேன், எண்ணினால் இருபத்திரண்டு நின்றது. தென்சென்னையில், மடிப்பாக்கத்திலிருந்து மிதித்தே போய்விடுகிற தூரத்தில், ஒரு வீட்டின் கார் நிறுத்துமிடத்தை வாடகைக்கு எடுத்து நடத்துகிற கடை. அதற்கு மேல் கேட்பவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன்.

போகும் முன்னால் நானும் எல்லாரையும் போல மேப்பில் மற்றவர்கள் எழுதியதைப் படித்துப் பார்த்தேன். ஐந்து நட்சத்திரம், ஐந்து நட்சத்திரம், வரிசையாக ஐந்து நட்சத்திரம். "கனவைத் துரத்திய மனிதர்", "ஐ.டி. வேலையைத் தூக்கி எறிந்துவிட்டு மனசுக்குப் பிடித்ததைச் செய்கிறார், தலைவணங்குகிறேன்", இப்படியே இருபது முப்பது. பிரேக் பிடித்ததா, பிடிக்கவில்லையா, எவ்வளவு வாங்கினார், எத்தனை நாளில் கொடுத்தார் என்று ஒருத்தர்கூட எழுதவில்லை. ராஜினாமா கடிதம் கொடுத்ததற்கு நட்சத்திரம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்கள். நான் ஒரு ஆட்டோ உதிரிபாகக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன், எனக்கு இது சரிப்படாது. அவர் வேலையை விட்டது அவர் வீட்டு விஷயம், என் சக்கரம் கோட்டமில்லாமல் சுத்துகிறதா என்பதுதான் என் விஷயம்.

சரி, வண்டிக்கு வருகிறேன். என்னுடையது இல்லை, அப்பாவுடையது. ஹெர்குலிஸ், கறுப்பு, ராடு பிரேக் (கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பியால் இழுப்பது), பெரிய பார் வைத்தது. 1986இல் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்த்தபோது தீபாவளி போனஸில் வாங்கினார். 1949இல் தொடங்கிய டி.ஐ. கம்பெனி ஹெர்குலிஸ் செய்ததும் அதே அம்பத்தூரில்தான் என்பதால், ஏதோ தன் கையால் செய்து எடுத்து வந்த மாதிரி "நம்ம ஊர் வண்டி" என்று இன்றைக்கும் சொல்லுவார். நான் அதில்தான் குரங்கு பெடல் போட்டுக் கற்றுக்கொண்டேன், முட்டியில் இன்னும் தழும்பு இருக்கிறது. கடைசி பதினொரு வருடமாக மாடிப்படிக்குக் கீழே கோணிச்சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடந்தது. இந்த வருடம் அப்பாவுக்கு எழுபத்துநாலு. திடீரென்று ஒருநாள், முட்டி வலிக்கு நடப்பதைவிட மிதிப்பது தேவலை, லைப்ரரி வரைக்கும் போய் வர அந்த வண்டியை ரெடி பண்ணிக் கொடு என்று ஆரம்பித்துவிட்டார்.

முதலில் தெருமுனையில் இருக்கும் மெக்கானிக்கிடம்தான் தள்ளிக்கொண்டு போனேன். அவர் வண்டியைத் தொடக்கூட இல்லை. "காயலான் கடையில போட்டுட்டு கியர் வண்டி வாங்கிக் குடு சார்" என்றார். அப்பா பக்கத்திலேயே நின்றார். அதற்கு மேல் அங்கே பேச என்ன இருக்கிறது.

இந்தக் கடையில் நடந்தது வேறு. அவர் (நாற்பது வயசு இருக்கும், கண்ணாடி, கையில்லாத பழைய கம்பெனி டீ-ஷர்ட்) வண்டியைப் பார்ப்பதற்கு முன் அப்பாவுக்கு ஸ்டூல் போட்டு உட்கார வைத்து, ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு கேள்வி கேட்டார். யார் ஓட்டப் போவது, தினமும் எவ்வளவு தூரம், இறங்கும்போது எந்தக் காலை முதலில் ஊன்றுவீர்கள், பின்னால் யாரையாவது உட்கார வைப்பீர்களா. அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். பல வருடமாக அவரிடம் டாக்டரைத் தவிர யாரும் இத்தனை கேள்வி கேட்டதில்லை.

அப்புறம் வண்டியை ஸ்டாண்டில் தொங்கவிட்டு நாற்பது நிமிடம் பார்த்தார். அவர் ஐ.டி.யில் சாஃப்ட்வேர் சோதிக்கும் பிரிவில் பதினாலு வருடம் இருந்தவர், கடைசியில் டீம் லீடு. அந்தப் புத்தி போகவில்லை. குறைகளை நம்பர் போட்டு எழுதினார், மொத்தம் இருபத்துமூன்று. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு வகை: "ஆபத்து", "ஓட்டலாம் ஆனால் தொல்லை", "அழகுக்கு மட்டும்". ஆபத்து ஆறு, தொல்லை பதிமூன்று, அழகு நாலு. அழகு வகையில் உள்ள நாலையும் நாங்கள் வேண்டாம் என்றால் விட்டுவிடுவாராம். இதுவரை எந்தச் சைக்கிள் கடையிலும், ஏன், என் பைக் சர்வீஸ் விடுகிற ஷோரூமிலும், "இது உங்களுக்குத் தேவையில்லை" என்று எழுதிக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

பின்சக்கரத்தில் இரண்டு ஸ்போக்ஸ் இல்லை என்று நாங்கள் சொல்வதற்கு முன்பே எண்ணிவிட்டார். நம்மில் பலருக்கு (எனக்கும்தான்) தெரியாத விஷயம், இந்த மாதிரி பழைய ரோட்ஸ்டர் வண்டிகளில் முன் சக்கரத்துக்கு 32, பின் சக்கரத்துக்கு 40 ஸ்போக்ஸ் கம்பி. ஆளும் சரக்கும் உட்காருவது பின்னால் என்பதால் அங்கே எட்டு கூடுதல். சின்ன வயசில் எத்தனையோ தடவை அதைத் துடைத்திருக்கிறேன், ஒரு நாளும் எண்ணிப் பார்க்கத் தோன்றியதில்லை.

செயினைப் பார்த்த விதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. இரும்பு ஸ்கேலை எடுத்து ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வைத்தார். நல்ல செயினில் பன்னிரண்டாவது அங்குலக் கோடு இன்னொரு பின்னின் நடுவில் சரியாக வந்து உட்கார வேண்டும். அரைக்கால் அங்குலத்தில் பாதி, அதாவது 1/16, தள்ளிப்போனால் செயினை மாற்றும் நேரம். 1/8 தள்ளிப்போனால் செயின் மட்டுமில்லை, அது ஓடிய பல்லையும் தின்றிருக்கும். எங்களுடையது 1/8ஐயும் தாண்டியிருந்தது. ஸ்கேலை என் கையில் கொடுத்து "நீங்களே பாருங்க சார்" என்றார். பழைய ஃப்ரீவீலில் (பின்சக்கரத்துப் பல்) புதுச் செயினைப் போட்டால் ஏறி ஏறித் துள்ளும், அதனால் இரண்டையும் சேர்த்து மாற்றணும் என்றார். முன்பல் இன்னும் நாலைந்து வருடம் தாங்கும், அதற்குக் காசு வேண்டாம். இந்த மாதிரி அளந்து காட்டிவிட்டுக் காசு கேட்டால் எனக்குக் கொடுக்க வலிப்பதில்லை.

பின் ஹப்பை, அதாவது சக்கரத்தின் நடுக்குடத்தை, பிரித்த அன்றைக்கு நான் அங்கே இருந்தேன். சனிக்கிழமை, எனக்கு லீவு. ஆக்சிலை உருவியதும் உள்ளே இருந்த கிரீஸ் கிரீஸாக இல்லை, காய்ந்த புளி மாதிரி கறுப்பாக, விரலால் சுரண்டினால் உதிர்ந்தது. பேரிங் குண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து டீ சாசரில் போட்டார். பின் ஹப்பில் பக்கத்துக்கு ஒன்பது, கால் அங்குலம். வலதுபக்கம் ஒன்பது வந்தது. இடதுபக்கம் எட்டு. திரும்பவும் துழாவினார், எட்டுதான். என்றைக்கோ ஒருத்தர் பிரித்து மாட்டும்போது ஒன்று உருண்டு சாக்கடைக்குப் போயிருக்கும், எட்டோடு மூடிவிட்டார்கள். இருபது வருடமாவது அப்பா எட்டுக் குண்டில் ஓட்டியிருக்கிறார். குண்டுகள் உருளுகிற கோனை டார்ச் வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார், அம்மை வந்து ஆறிய முகம் மாதிரி குழி குழியாக இருந்தது. "ஒரு குண்டு தேஞ்சா மொத்த செட்டையும் மாத்தணும் சார், பழசு நடுவுல புதுசு ஒண்ணைப் போட்டா எல்லா வெயிட்டையும் அது ஒண்ணே தாங்கும்" என்றார். எங்கள் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் ஞாபகம் வந்தது, அதை விடுங்கள்.

அந்தக் கடையில் ஒரு பெரியவர் இருக்கிறார். எழுபதைத் தொட்டிருப்பார். செவ்வாயும் சனியும் வருவார். முன்பு பிளாட்பாரத்தில் தார்ப்பாய் கட்டி சைக்கிள் கடை வைத்திருந்தவர், வாடகை சைக்கிளும் விட்டவர். கடைக்காரர் தொழில் கற்றது அவரிடம். வேலையில் இருந்துகொண்டே நாலு வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தத் தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்து பஞ்சர் ஒட்டியிருக்கிறார், ஒரு பைசா வாங்காமல். ரோடு அகலப்படுத்தியபோது பெரியவரின் கடை போய்விட்டது. இப்போது சிஷ்யன் கடையில் குரு சம்பளத்துக்கு வருகிறார்.

ஹப்பைத் திரும்ப மாட்டி, கோனை முடுக்கி, சக்கரத்தை லேசாகத் தட்டிவிட்டு இருவரும் சும்மா நின்றார்கள். சக்கரம் மெல்லச் சுற்றி, நின்று, திரும்பிப் பின்பக்கம் ஆடி, மறுபடி முன்பக்கம் ஆடி, கடைசியில் வால்வு கீழே வந்து நின்றது. பெரியவர் தலையாட்டினார். வால்வுக்கு என்ன எடை இருக்கும், ஒரு புளியங்கொட்டை கனம். அந்தக் கனத்துக்கே சக்கரம் இழுபட்டுக் கீழே வருகிறது என்றால் கோன் சரியாக முடுக்கியிருக்கிறது என்று அர்த்தம். கொஞ்சம் இறுக்கமாக இருந்தால் நடுவிலேயே பிடித்து நின்றுவிடும், லூசாக இருந்தால் பக்கவாட்டில் ஆடும். ஸ்போக்ஸ் இழுவையை அளக்க இவரிடம் மீட்டர் இருக்கிறது, கோட்டம் எடுக்கத் தனி ஸ்டாண்டு இருக்கிறது. பெரியவர் அதையெல்லாம் சீண்டுவதில்லை. விரலால் கம்பியை ஒவ்வொன்றாகச் சுண்டிவிட்டுச் சத்தத்தை வைத்தே எது லூஸ் என்று சொல்கிறார். அவர் சொன்ன பிறகு இவர் மீட்டரை வைத்துப் பார்க்கிறார். அன்றைக்கு ஐந்துக்கு நாலு சரியாக இருந்தது.

"தம்பிக்குக் கை வந்துடுச்சு, வேகம்தான் வரல" என்றார் பெரியவர் என்னிடம், அவர் காதில் விழும்படியாகவே. இந்த விமர்சனத்தில் நான் எழுதப்போகும் குறை முழுக்க அந்த ஒரு வரியில் வந்துவிட்டது.

பத்து நாளில் தருவதாகச் சொன்னார். இருபத்துநாலு நாள் ஆனது. ராடு பிரேக்குக்கு ஒரு பாகம் பாரிமுனைப் பக்கம் கிடைக்கவில்லை, லூதியானாவிலிருந்து வர வேண்டும் என்றார், அதை ஒத்துக்கொள்கிறேன், அந்த மாதிரி பிரேக்கு இப்போது யார் வைத்திருக்கிறார்கள். ஆனால் பாகம் வந்த பிறகும் ஆறு நாள் வண்டி சுவரோரம் சும்மா நின்றது. காரணம் பிரெவே. அது ஒரு நீண்டதூர ஓட்டம், 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும், 300க்கு 20 மணி, 600க்கு 40 மணி என்று மேலே மேலே போகும். அந்த ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் இருந்ததால் வெள்ளி சனி முழுக்க லட்ச ரூபாய் கார்பன் வண்டிகளுக்கு கியர் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அவர்களுக்குத் தேதி தவறினால் ஓட்டம் போய்விடும், அப்பாவுக்கு லைப்ரரிதானே, நாளைக்கும் இருக்கும் என்ற கணக்கு. வியாபாரமாகப் பார்த்தால் சரியான கணக்குதான். ஆனால் ஸ்டூல் போட்டு உட்கார வைத்து அத்தனை கேள்வி கேட்டவரிடம் நான் அதை எதிர்பார்க்கவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த இருபத்துநாலு நாளில் எனக்கு ஒன்பது வாட்ஸ்அப் தகவல் வந்தது. "நிலை: பாகத்துக்காகக் காத்திருப்பு. அடுத்த தகவல்: வியாழன்." வியாழக்கிழமை கரெக்டாக அடுத்தது வரும், அதிலும் வண்டி வராது. தாமதத்தை அழகாகத் தெரிவிக்கிற கலையை அவர் ஐ.டி.யில் நன்றாகக் கற்றிருக்கிறார். தாமதமே பண்ணாமல் இருக்கிற கலையை அங்கே யாரும் சொல்லித் தருவதில்லை போலிருக்கிறது.

பில் 4,350 ரூபாய். கூலி 2,400, பாகங்கள் 1,950. பாகங்களில் எனக்குப் புகார் இல்லை, ஒவ்வொன்றுக்கும் விலையோடு சீட்டு. கூலிதான் பேச வேண்டியது. தெருமுனைக் கடையில் முழு ஓவராயில் பண்ணினால் இதில் மூன்றில் ஒரு பங்கு ஆகும். இன்னும் கொஞ்சம் போட்டால் புது வண்டியே வாங்கிவிடலாம் என்று மனைவி சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் தெருமுனையில், பெடல் கையை அச்சோடு பிடித்து நிறுத்துகிற காட்டர் பின்னைச் சுத்தியலால் அடித்துத்தான் கழற்றுவார்கள், மரை மழுங்கினால் அது உங்கள் தலைவிதி. இவர் லேத்தில் சொல்லிச் செய்த ஒரு பிரஸ் வைத்திருக்கிறார், முடுக்க முடுக்க பின் தானாக வெளியே வருகிறது, ஒரு கீறல் இல்லை. கழற்றிய பழைய பாகங்களை எல்லாம் ஒரு கவரில் போட்டு, பெயர் எழுதி, பில்லோடு கொடுக்கிறார். அந்த எட்டுக் குண்டும் அதில் இருந்தன. சர்வீஸ் முடிந்து முப்பது நாளில் எது ஆடினாலும் இலவசமாகப் பார்ப்பாராம். எனக்கு 2,400 அதிகம்தான், ஏமாந்த தொகை இல்லை.

கணக்கு எழுதுகிறவனுக்கு வாய் சும்மா இருக்காது. ஒரு சாயங்காலம் கடை காலியாக இருந்தபோது, இதில் என்னதான் நிற்கிறது என்று நேராகவே கேட்டுவிட்டேன். மறைக்காமல் சொன்னார், எழுதவும் சம்மதித்தார். நல்ல மாதத்தில் முழு சர்வீஸ் இருபது வண்டி, சராசரி கூலி இரண்டாயிரம், அது நாற்பதாயிரம். பஞ்சர், பிரேக், கியர் போன்ற சில்லறை வேலைகளில் பதினைந்தாயிரம். பாகங்களில் நிற்கும் லாபம் பன்னிரண்டாயிரம். ஆக 67,000. வாடகை 14,000, கரண்ட் இதர செலவு 2,000, உதவிக்கு இருக்கும் பையனுக்கு 16,000, பெரியவருக்கு 6,000. நிற்பது 29,000. இது நல்ல மாதம். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் பாதிகூடத் தேறாது. ஆபீஸில் கைக்கு வந்துகொண்டிருந்தது ஒரு லட்சத்துப் பத்தாயிரம். இதில் இன்னொன்றும் இருக்கிறது, வருட வரவு 20 லட்சத்துக்குள் இருப்பதால் ஜி.எஸ்.டி. பதிவு இல்லை, ஆனால் பாகங்கள் வாங்கும்போது கட்டுகிற வரியைத் திரும்ப எடுக்கவும் முடியாது, அது கையை விட்டுப் போவதுதான்.

வேலையை விடும்போது கிடைத்தது கிராச்சுட்டி. அடிப்படைச் சம்பளம் 38,000, அதில் 26இல் 15 பங்கு, பதினாலு வருடம் என்று பெருக்கினால் மூன்று லட்சத்துச் சொச்சம். அது அப்படியே ஸ்டாண்டு, டூல்ஸ், கடை அட்வான்ஸ் என்று போய்விட்டது. பி.எஃப். பணத்தைத் தொடவில்லை. தொடக்கூடாது என்று மனைவியிடம் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறாராம்.

அந்த மனைவியைப் பற்றி ஒரு வரி. சுவரில் லேமினேட் செய்து மாட்டியிருக்கும் பத்திரிகைத் துணுக்கில் அவர் இல்லை. "கனவுக்காக லட்சங்களை உதறியவர்" என்று தலைப்பு, இவர் ஒரு ரிம்மைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு சிரிக்கிற போட்டோ. அரசுப் பள்ளி ஆசிரியையான மனைவியின் சம்பளத்தில்தான் வீட்டுக் கடன் தவணை போகிறது, குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடும் அதில்தான் வருகிறது. அதிலும் இவருடைய அப்பா அம்மாவுக்கு இடமில்லை. ஐ.டி. கம்பெனியின் குரூப் பாலிசியில் இருந்தவர்கள், வேலையை விட்ட அன்றோடு வெளியே. தனியாகப் பாலிசி எடுத்தார், ஏற்கெனவே இருக்கிற சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மூன்று வருடம் காத்திருக்க வேண்டும். "தொண்ணூறு நாள் நோட்டீஸ் பீரியட்ல நான் ரொம்ப யோசிச்சது கடையைப் பத்தி இல்ல சார், அப்பாவுக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா என்ன பண்றதுன்னுதான்" என்றார். பத்திரிகைக்காரர் இதைக் கேட்கவில்லையா என்றேன். கேட்டாராம், நீளம் போதவில்லை என்று எடுத்துவிட்டார்களாம்.

மேப்பில் தலைவணங்கியவர்கள் மேல் எனக்குக் கோபம் வந்தது இதனால்தான். இந்த மாதிரி துணுக்கைப் படித்துவிட்டு என் கூட வேலை பார்த்த ஒருத்தர் ஆறு வருடத்துக்கு முன்னால் வேலையை விட்டு பிரியாணிக் கடை போட்டார். சமையலில் அவரை அடிக்க ஆள் கிடையாது, அது உண்மை. பதினோரு மாதத்தில் மூடினார், இப்போது முன்பைவிடக் குறைந்த சம்பளத்துக்கு வேறு இடத்தில் கணக்கு எழுதுகிறார். சைக்கிள் கடைக்காரருக்கு நாலு வருட ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன, ஒரு அரசுச் சம்பளம் இருந்தது, பெரியவர் இருந்தார். எனக்கும் ஒரு ஆசை உண்டு, என்ன என்று இங்கே சொல்ல மாட்டேன், எக்செல்லில் போட்டுப் பார்த்தேன், தேறவில்லை.

சைக்கிள் மேல் பைத்தியமாக இருந்ததால்தானே இதற்கு வந்தீர்கள், இப்போது எவ்வளவு ஓட்டுகிறீர்கள் என்றும் கேட்டேன். சிரித்தார். வேலையில் இருந்தபோது வருடத்துக்கு ஐந்தாறு பிரெவே ஓட்டுவாராம். போன மாதம் மொத்தமே ஒரே ஒரு தடவை ஈ.சி.ஆர். பக்கம் போயிருக்கிறார், அதுவும் ஒரு வாடிக்கையாளர் வண்டியில் என்ன சத்தம் வருகிறது என்று பார்க்க. ஞாயிறு காலை ஓட்டம் முடிந்து எல்லாரும் நேராக வருவது இந்தக் கடைக்குத்தான், அதனால் ஞாயிறுதான் அவருக்கு ரொம்ப பிஸியான நாள். வருத்தமா என்று கேட்டதற்கு, திங்கட்கிழமை காலை மீட்டிங் இல்லையே சார் என்றார். அது வருத்தமா இல்லையா என்று எனக்குத் தெளிவாகவில்லை.

இன்னொன்றையும் சேர்த்துவிடுகிறேன், ஏனென்றால் நிறைய பேர் கியர் வண்டிக்குத்தான் கேட்பீர்கள். என் பையனின் கியர் சைக்கிளில் பெரிய பல்லுக்குப் போனாலே பின்னால் கடகட என்று சத்தம். இரண்டு கடையில் கேபிளை முடுக்கிப் பார்த்துக் கை விரித்துவிட்டார்கள். இவர் பின்னால் குந்தி உட்கார்ந்து பார்த்துவிட்டு, கியர் தொங்குகிற அந்தச் சின்ன அலுமினியத் துண்டு உள்பக்கம் வளைந்திருக்கிறது, வண்டி வலதுபக்கமாக எங்கேயோ விழுந்திருக்கிறது என்றார். பையன் வானத்தைப் பார்த்தான். அளந்து நிமிர்த்திக் கொடுத்தார், இருபது நிமிடம், 250 ரூபாய், அன்றைக்கே. சின்ன வேலை என்றால் அன்றைக்கே முடித்துவிடுகிறார், ஓவராயில் என்றால்தான் காலண்டரை மறந்துவிட வேண்டும்.

அப்பாவின் வண்டியை ஒரு செவ்வாய்க்கிழமை எடுத்து வந்தோம். தள்ளும்போதே வித்தியாசம் தெரிந்தது, கடகடப்பு ஒன்றுமில்லை, ஃப்ரீவீல் மட்டும் டிக் டிக் என்று சீராகக் கேட்டது. பெயிண்ட்டைத் தொடவில்லை, துரு ஏறிய இடங்களைத் தேய்த்து மெழுகு மட்டும் போட்டிருந்தார், அந்தப் பழைய தங்கக்கோடு பாதி அழிந்தபடியே இருக்கிறது. பிரேக் பற்றி அப்பாவிடம் நேராகவே சொன்னார்: "சார், இது இரும்பு ரிம்மு, மழையில நனைஞ்சா ரப்பர் வழுக்கும், எவ்வளவு பண்ணாலும் புது வண்டி மாதிரி நிக்காது. தூறல் போட்டா இறங்கித் தள்ளிக்கிட்டு வந்துடுங்க." 4,350 வாங்கிக்கொண்டு இப்படிச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும். அப்பா அங்கேயே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். பெடல்மேல் ஒரு காலை வைத்து இரண்டு உந்து உந்தி, மற்றக் காலைப் பின்னால் சுழற்றிப் போட்டு ஏறினார், எழுபத்துநாலு வயசில். நான் ஓடிப்போய்ப் பிடிக்கப் பார்த்தேன். பெரியவர் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

இரண்டு மாதம் ஆகிறது. தினமும் லைப்ரரி, வாரத்தில் இரண்டு நாள் மார்க்கெட். எதுவும் ஆடவில்லை, செயின் ஒருமுறைகூடக் கழலவில்லை. காற்று மட்டும் வாரத்துக்கு ஒருமுறை நான் அடித்துக் கொடுக்கிறேன், வால்டியூப் பழைய மாடல்தானே, மெல்ல இறங்கும்.

அந்த ஒரு நட்சத்திரம் தாமதத்துக்கு மட்டும் பிடித்தது இல்லை. அதில் பாதி, சைக்கிள் மணிக்கு. பட்டியலில் இருபத்திரண்டாவது குறை, "அழகுக்கு மட்டும்" வகை: மணி துருப்பிடித்திருக்கிறது. நாங்கள் வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தோம். அவர் ஆசையாக ஒரு புதுப் பித்தளை மணியை மாட்டி, தாமதமானதற்கு என் பரிசு என்று பில்லில் பூஜ்யம் போட்டிருந்தார். நல்ல மனசுதான், நானும் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அப்பா வீட்டுக்கு வந்து வண்டியை நிறுத்திவிட்டு இரண்டு தடவை அடித்துப் பார்த்தார். "டிங் டிங்குது, ஐஸ்காரன் மாதிரி" என்றார். பழைய பாகங்கள் இருந்த கவரைத் தரையில் கொட்டி, குண்டுகளுக்கு நடுவிலிருந்து பழைய மணியைப் பொறுக்கி எடுத்து, மண்ணெண்ணெயில் அரைநாள் ஊறவைத்து, ஸ்குரு டிரைவரோடு அவரே உட்கார்ந்து மாற்றிவிட்டார். இப்போது அது கர்ர்ர் என்கிறது. புது மணி என் பையனின் வண்டியில் இருக்கிறது.